பட்டியலில் விடுபட்ட எண்

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். அவருடைய குடும்பம் வழிபட்ட தெய்வம், நாமக்கல் மலையடிவாரத்தில் கோயில் கொண்டுள்ள நாமகிரித் தாயார். தாயாரே கனவில் தோன்றிக் கணிதம் அருளினார் என்னும் கதையைச் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கேளாதார் அரிது. அந்த நம்பிக்கை ராமானுஜனுக்கே இருந்தது. அதை நான் மறுக்கப் புகவில்லை. அக்கதை மறைத்துவிடும் உழைப்பை ஓர் எண்ணைக் கொண்டு காட்டவே விரும்புகிறேன்.

கும்பகோணத்துத் துணிக்கடைக் கணக்கரின் மகன் அவர். கணிதம் தவிர்த்த பாடங்களில் நாட்டம் இல்லாததால் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. காகிதத்துக்கு வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் நோட்டுப் புத்தகங்களில் குறித்துவைத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர்; 1914-இல் கேம்பிரிட்ஜ் பயணம்.

லண்டன் கணிதக் கழக இதழில் 1915-இல் வெளிவந்த அவரது நீண்ட கட்டுரை, தமக்குச் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான வகுஎண்களைக் கொண்ட எண்களை ஆராய்ந்தது. 12-ஐ மீதியின்றி வகுப்பவை 6 எண்கள். அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. நாளொன்றின் நாழிகைக் கணக்கான 60-உம் அவ்வகையே; அதற்கு வகுஎண்கள் 12.

கையால் கணக்கிட்டு அவர் அமைத்த பட்டியல் 67,46,32,83,88,800 என்னும் எண்ணில் முடிகிறது. ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, இவற்றோடு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றையும் ஒருமுறை பெருக்கினால் அது கிட்டும். அதன் வகுஎண்கள் 10,080. நிமிடத்துக்கு ஒன்றாக எழுதினாலும், உறங்காமல் ஒரு வாரம் முழுதும் எழுதவேண்டும். இத்தகைய எண்களில், பகா எண் பெரிதாகும்போது அது இடம்பெறும் தடவை கூடுவதில்லை. 4, 36 நீங்கலாக, இறுதிப் பகா எண் ஒருமுறையே வரும். இந்த ஒழுங்கை ராமானுஜன் நிறுவிக்காட்டினார்.

அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. இறுதி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது அதுவே, வகுஎண்கள் 5,040. இந்த விடுபடலைக் குறையாக நான் கருதவில்லை. ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்துச் சென்ற மனிதக் கையின் தடம் அதில் தெரிகிறது.

எஃப்.ஏ. தேறாதவருக்கு அக்கட்டுரைக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்கியது. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் மறைந்தார்.

மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்ற உறைவிடப் பள்ளிகள் நிறைந்தது இன்றைய நாமக்கல். அங்குள்ள பிள்ளைகளுக்குக் கனவுக் கதையோடு விடுபட்ட எண்ணின் கதையையும் ஆசிரியர்கள் சொல்லவேண்டும். அருள் தமக்கு வாய்க்கவில்லை என்று ஒதுங்கிவிடும் பிள்ளைக்கு, ஒருவர் பொறுமையாகப் பெருக்கியும் வகுத்தும் அவ்வளவு தொலைவு சென்றார் என்பது தெரியட்டும்.