சீமைப் படிப்பும் டாக்டர் நாயரும்

சாத்தாங்காட்டு இரும்பு அங்காடியில் பாரம் இறக்குவோர் வீட்டிலும், எண்ணூர், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளர் வீட்டிலும் இன்று வெளிநாட்டுப் படிப்பு பேச்சாகிவிட்டது. ஜெர்மனி என்கிறான் மகன். லண்டன் என்கிறாள் மகள். போகட்டும், படிக்கட்டும்! கடல் கடப்பது பாவம் என்ற சாத்திரத்தைச் சந்தி சிரிக்க வைத்த இயக்கமன்றோ நம் இயக்கம்! ஆனால், படித்த படிப்பு யாருக்குப் பயன்பட்டது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் டாக்டர் டி. எம். நாயர்.

1868-இல் பிறந்தார். பாலக்காட்டுத் தரவத்துக் குடும்பம், வசதி படைத்த குடும்பம். சென்னையில் மருத்துவம் பயின்றார். அது போதாதென்று கப்பலேறினார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1894-இல் மருத்துவப் பட்டம், 1896-இல் எம்.டி. பட்டம் பெற்றார். லண்டனில் தாதாபாய் நவுரோஜியோடு சேர்ந்து இந்தியருக்காகப் பணியாற்றினார். படிக்கப் போன இடத்தில் பாடத்தை மட்டுமா கண்டார்? ஆளுவோரைக் குடிமக்கள் கேள்வி கேட்கும் நாட்டைக் கண்டார்!

1897-இல் சென்னை திரும்பினார். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் பேர் பெற்றார். பணம் பண்ண வேறென்ன வேண்டும்? மருத்துவமனை உண்டு, மாளிகை உண்டு என்று இருந்திருக்கலாம். இருந்தாரா? இல்லை! மாநகராட்சி மன்றத்துக்குச் சென்றார். குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் வாதாடினார்.

ஆலைத் தொழிலாளரின் நிலையை ஆராய 1907-இல் அரசு ஒரு கமிஷன் அமைத்தது. நாயர் அதில் ஓர் உறுப்பினர். மின்விளக்கு வந்ததும் பம்பாய் நூற்பாலைகளில் பொழுது சாய்ந்த பின்னும் வேலை நீண்ட காலம் அது. வயது வந்த ஆடவரின் வேலை நேரத்துக்குச் சட்டம் நேராக வரம்பு கட்டக்கூடாது என்றனர் கமிஷனின் பெரும்பான்மையினர். நாயர் இசையவில்லை. கட்டத்தான் வேண்டும் என்று 1908 அறிக்கையில் தனியே மறுப்புரை எழுதினார். உழைப்பவன் உடல் இயந்திரமன்று என்பது மருத்துவருக்குத் தெரியாதா? 1911-இல் வந்த ஆலைச் சட்டம் நூற்பாலை ஆடவருக்குப் பன்னிரண்டு மணி நேரமே உச்சம் என வகுத்தது. எட்டு மணி நேரம் பின்னாளில் போராடிப் பெற்றது. அந்தப் பாதையில் முதற் கல் நட்டவர்களில் நாயரும் ஒருவர்.

1916-இல் நம் வடசென்னையின் வள்ளல் தியாகராயரோடு கைகோத்துத் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் கண்டார். 1917-இல் தொடங்கிய 'ஜஸ்டிஸ்' ஏட்டுக்கு ஆசிரியரானார். பார்ப்பனரல்லாதார்க்கு உரிய பங்கு கேட்டு 1918-இல் மீண்டும் சீமை சென்றார். அடுத்த ஆண்டும் சென்றார். நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் சொல்லுமுன்னே, 1919 ஜூலை 17-இல் லண்டனில் உயிர் நீத்தார். இளமையில் தமக்காகக் கடந்த கடலை, இறுதியில் நமக்காகக் கடந்தார்!

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. நாயர் கப்பலேறியது வீட்டில் வசதி இருந்ததால். அன்று துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் மகன் கப்பலைப் பார்க்கலாம், ஏற முடியுமா? இன்று அவன் கொள்ளுப்பேரன் விமானம் ஏறுகிறான் என்றால், நடுவே வகுப்புரிமை ஆணை வந்தது, இடஒதுக்கீடு வந்தது, உதவித்தொகை வந்தது. யாரும் தானமாகத் தரவில்லை, தோழர்களே!

பெற்றது நிலைக்கும் என்று கண்ணயர்ந்துவிடவும் முடியாது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டப்பேரவையிலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்தன. மே முதல் நாள், அது திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு வந்தது. நாயர் மறுப்புரை எழுதி 115 ஆண்டுக்குப் பிறகும் அதே கடிகாரம், அதே வழக்கு!

ஆகவே, வெளிநாடு செல்லும் பிள்ளையை வாழ்த்தி அனுப்புங்கள். பெட்டியில் ஊறுகாயோடு நாயரின் கதையையும் வைத்து அனுப்புங்கள். அங்கேயே வாழ்ந்தாலும் சரி, இங்கே திரும்பினாலும் சரி, பாரம் இறக்கும் கைகளின் பக்கம் நின்று ஒரு மறுப்புரை எழுதத் தெரிந்தவனாக இருக்கட்டும்!