அதிகாலை 4 மணிக்கு டிரில்: யார் இந்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட்?

தீயணைப்பு வீரர்களுக்கு வாராவாரம் டிரில் நடப்பது இன்னைக்கு சாதாரண விஷயம். 200 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. அதை ஒரு தொழிலாகவே கற்றுக்கொடுக்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்.

1800-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். அப்பா மரச்சாமான் செய்பவர். இவர் படித்தது சர்வேயர் வேலை. 1824-ல், அதாவது 24 வயசில், நகரின் புதிய தீயணைப்புப் படைக்குத் தலைவரானார்.

முதல் சோதனை

பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே பழைய நகரப் பகுதியில் பெருந்தீ. நாட்கணக்கில் எரிந்ததில் சுமார் 400 குடும்பங்கள் வீடிழந்தன. படையினர் இன்னும் முழுசா தயாராகவில்லை. போதாக்குறைக்கு, அங்கே வந்த பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு உத்தரவு போட்டார்கள். அதற்குப் பிறகுதான், தீப்பிடித்த இடத்தில் படைத் தலைவர் சொல்வதே இறுதி என்று முடிவானது.

ஏன் அதிகாலை?

கொத்தனார், தச்சர், பிளம்பர், கூரை வேய்பவர் என்று பார்த்துப் பார்த்து இளைஞர்களைச் சேர்த்தார். கட்டடம் எப்படி நிற்கும், எங்கே விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். பகலில் அவரவர் தொழில். வாரம் ஒருநாள் அதிகாலை 4 மணிக்குப் பயிற்சி. அந்நேரம் தெரு காலியாக இருக்கும். இருட்டிலேயே தண்ணீர்க் குழாயைத் தேடி, ஹோஸை மாட்டிப் பழகலாம்.

தெருவில் நின்று புகை மேல் தண்ணீர் அடிப்பதில் பலனில்லை. உள்ளே போய் நெருப்பின் மூலத்தில் அடிக்கணும் என்பது அவர் பாடம். புகையில் தரையோடு தவழ வேண்டும், தனியாகப் போகவே கூடாது. இதையெல்லாம் 1830-ல் புத்தகமாகவும் எழுதினார்.

லண்டனில் முடிந்த வாழ்க்கை

1833-ல், இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய லண்டன் தீயணைப்புப் படைக்குத் தலைமை ஏற்றார். 28 ஆண்டுகள் அங்கேதான். 1861 ஜூன் 22-ல் டூலி தெருக் கிடங்குகளில் தீ. வீரர்களோடு நெருப்பின் அருகே நின்றிருந்தபோது சுவர் இடிந்து விழுந்து இறந்தார். தீ முழுசா அணைய 2 வாரம் ஆனது.

நஷ்டம் தாங்காத கம்பெனிகள் இனி எங்களால் முடியாது என்று கைவிரித்தன. 1866-ல் லண்டனுக்கு அரசுத் தீயணைப்புப் படை வந்தது. பிரெய்ட்வுட் பழக்கிய ஆட்கள் அதில் தொடர்ந்து வேலை பார்த்தார்கள்.