எந்த ஊர், என்ன பேர் என்று கேட்காத அடுப்பு

கருங்குழி என்று மேப்பில் தேடிப் பாருங்க. ரெண்டு ஊர் வரும். ஒன்று நம்ம கருங்குழி. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில், பழைய கோட்டையோட இருக்கிற ஊர். ஒரு காலத்தில் இந்த மாவட்டத்துக்கே தலைமையிடமாக இருந்த ஊர். இன்னொரு கருங்குழி கடலூர் மாவட்டத்தில், வடலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோட்டை கிடையாது. ஆனால் அந்தச் சின்ன ஊரில் ஒரு மனிதர் சுமார் ஒன்பது வருஷம் இன்னொருவர் வீட்டில் தங்கியிருந்தார். அவர் பேர் இராமலிங்கம். நமக்கெல்லாம் வள்ளலார்.

முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்கள் வாழ்க்கைக் கதையைக் கேட்பது இப்போது பெரிய நகரங்களில் ஒரு ட்ரெண்ட். ஒரு மேசை புக் பண்ணுகிறார்கள், ஆறு பேர் வருகிறார்கள், ஆளுக்கொரு கதை. நல்ல விஷயம்தான். ஆனால் பசிக்கிறவருக்கும் கதை இருக்கிறது இல்லையா? அதைச் சொல்லும் நிலையில் அவர் இருக்க மாட்டார். முதலில் சோறு, கதை அப்புறம். இந்த வரிசையை வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டவர் என்பதால்தான் வள்ளலாரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வந்தேன். பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றி நமக்கு ரெண்டு மார்க் கேள்வி அளவுக்குத்தான் தெரியும். அதற்கு மேல் நிறைய இருக்கிறது.

1823 அக்டோபர் 5-ஆம் தேதி, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்தார். அப்பா இராமையா பிள்ளை ஊர்க் கணக்குப்பிள்ளை. அம்மா சின்னம்மை, பொன்னேரிப் பக்கம் சின்னக்காவணத்துக்காரர். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைசி. பசியோடு வாசலில் வந்து நின்ற ஒரு சிவனடியாருக்குச் சின்னம்மை சோறு போட்டதாகவும், அவர் வாழ்த்திவிட்டுப் போன பிறகே இந்தப் பிள்ளை பிறந்ததாகவும் சொல்வார்கள். குழந்தைக்குச் சில மாதங்கள் ஆனபோதே அப்பா இறந்துவிட்டார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா பொன்னேரிப் பக்கம் வந்தார். அங்கிருந்து குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. ஏழுகிணறு வட்டாரத்தில் வீராசாமித் தெருவில் வீடு.

அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து சம்பாதித்துத்தான் குடும்பத்தை ஓட்டினார். தம்பியைப் படிக்க அனுப்பினால் அவன் நேராகக் கந்தகோட்டத்துக்குப் போய்ப் பாடிக்கொண்டு நிற்கிறான். அண்ணனுக்குக் கோபம் வராதா? இவனுக்கு வீட்டில் சோறு போடக் கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அண்ணி பாப்பாத்தி என்ன செய்தார் தெரியுமா? கணவருக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கம் வரச்சொல்லிப் பையனுக்குச் சோறு போட்டார். அப்பா திதி அன்றைக்கு முன்கட்டில் ஊரெல்லாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. சொந்தப் பிள்ளை பின்கட்டில் ஒளிந்து சாப்பிடுகிறான். அதைப் பார்த்து அண்ணி அழுதுவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் வீட்டில் தங்கிப் படிப்பதாக ஒப்புக்கொண்டார் என்கிறார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனிங்க. பிற்காலத்தில் ஊருக்கே சோறு போட்ட மனிதர், யாரோ ஒருவர் பயந்து பயந்து கொடுத்த சோற்றில் வளர்ந்தவர். சாப்பாட்டுக்கு நிபந்தனை வைத்தால் அது எப்படி இருக்கும் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

பிறகு அவரே சொற்பொழிவாளரானார், பாடல்கள் எழுதினார், பழைய நூல்களைப் பதிப்பித்தார். அதில் ஒன்று நம்ம பகுதியைப் பற்றிப் படிக்காசுப் புலவர் எழுதிய தொண்டைமண்டல சதகம். 1850-இல் வீட்டார் வற்புறுத்தலால் அக்கா மகள் தனக்கோடியைத் திருமணம் செய்துகொண்டார், ஆனால் குடும்ப வாழ்க்கையில் அவர் மனம் ஒட்டவே இல்லை. 1858 வாக்கில் சென்னையை விட்டுத் தெற்கே நடந்தார். சிதம்பரம் போய், அங்கிருந்து கருங்குழிக்கு வந்து சேர்ந்தார். அந்த ஊர் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் தன் வீட்டில் அவருக்கு இடம் கொடுத்தார். ரெட்டியார் மனைவி முத்தியாலம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டார். திருவருட்பாவின் பெரும்பகுதி அந்த வீட்டில்தான் எழுதப்பட்டது.

அந்தப் பாடல்கள் புத்தகமானதற்குப் பின்னாலும் ஒரு சாப்பாட்டுக் கதை உண்டு. பாடல்களை அச்சுக்குக் கொடுக்க வள்ளலாருக்கு விருப்பமில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் விடவில்லை. பாடல் கட்டு கைக்கு வரும்வரை ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று உறுதி எடுத்துக் கடிதம் எழுதிவிட்டார். தன்னால் ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்பதை வள்ளலாரால் தாங்க முடியவில்லை. கலங்கிப்போய், அனுப்புகிறேன், நீங்கள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள் என்ற பொருளில் பதில் எழுதினார். இது நடந்தது 1860-இல். 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியில் திருவருட்பா அச்சில் வந்தது. இன்று நாம் அதைப் படிக்க முடிவதற்கு ஒரு மனிதர் சாப்பிடாமல் இருந்ததும் ஒரு காரணம்.

கருங்குழி என்றால் எல்லோரும் சொல்வது விளக்கு எரிந்த கதை. முத்தியாலம்மாள் வெளியூர் போயிருந்த இரவில், எண்ணெய் என்று நினைத்து வள்ளலார் தண்ணீரை ஊற்ற, விடிய விடிய விளக்கு எரிந்ததாம். இதை நம்ம கிளாஸில் சொன்னால் தெர்மோடைனமிக்ஸ் வரைக்கும் சண்டை போகும். அந்த விளக்கை விட்டுவிடலாம். யாரும் மறுக்க முடியாத இன்னொரு நெருப்பு இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

1867 மே 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் மக்கள் சுமார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். இடத்தைப் பாருங்க. சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற சாலையும் கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்கிற ஊர் அது. வழிப்போக்கர்கள் வந்துபோகிற இடம். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அணையா அடுப்பு என்றே அதற்குப் பேர். ஒரு சர்வர் தொண்ணூற்றொன்பது சதவீதம் ஓடினாலே நாம் பெருமையாக ஸ்லைடு போடுகிறோம். இந்த அடுப்பு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக ஓடுகிறது. அதை ஓட வைப்பது மக்கள் கொண்டுவந்து கொடுக்கிற அரிசியும் காய்கறியும் விறகும்தான்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அதற்கு முந்தின வருஷம், 1866-இல், ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் வடகோடியிலும் கொடிய பஞ்சம். பஞ்சம் என்பது செய்தித்தாள் சொல் இல்லை, அடுத்த தெருவில் நடக்கிற விஷயம். அந்தக் காலத்தில்தான் அவர் ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார். அதன் முதல் பகுதி தருமச்சாலை தொடக்க நாளில் வாசிக்கப்பட்டது.

அதை ஒரு தடவை படிங்க. ஆன்மிக நூல் என்று ஒதுக்கிவிடாதீங்க. பசி உடம்பை என்ன செய்கிறது என்று கண், காது, நாக்கு, தோல், கை, கால் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார். டாக்டர் கேஸ் ஷீட் எழுதுவது மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம், பசித்தவர் மனசுக்குள் ஓடுவதையும் எழுதுகிறார். நேற்று முழுக்கப் பட்டினி கிடந்த ஒரு குடும்பஸ்தர். பொழுது போய்விட்டது, யாரிடம் போய்க் கேட்பது, வாய்விட்டுக் கேட்க மானம் விடவில்லை. தான் தாங்கினாலும் மனைவி தாங்குவாளா, வயதான அம்மா அப்பா பிழைப்பார்களா, அழுது அழுது களைத்த பிள்ளைகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அந்த ஆள் உள்ளுக்குள் நொறுங்குகிறார்.

இதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் கற்பனையில் வருகிற விவரம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பசித்தவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கும் கேட்டவருக்கும்தான் இது தெரியும். ஆனால் அந்த மனிதருக்கு அவர் பேர் வைக்கவில்லை, ஊர் சொல்லவில்லை, சாதி சொல்லவில்லை. கதை முழுசா இருக்கிறது, ஆளை அடையாளம் காட்டுகிற எதுவும் இல்லை. இன்றைக்கு உதவி செய்கிறவர்கள் போட்டோ எடுத்து, பேரைப் போட்டு, ஸ்டேட்டஸ் வைக்கிறோமே, அதற்கு நேர் எதிர்.

இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வள்ளலார் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொன்னவர் கிடையாது. புலால் உண்பதில் அவர் ரொம்பக் கறார். 1872 ஜனவரியில் தைப்பூசத்தன்று வழிபாடு தொடங்கிய எண்கோண வடிவச் சத்திய ஞானசபைக்குள் கொலையும் புலையும் விட்டவர்கள் மட்டும்தான் நுழையலாம் என்று விதி வைத்தார். ஆனால் சோற்றுக்கு? அங்கே அந்த விதி கிடையாது. அதை விடாதவர்களுக்கும் பசி வந்தால் சோறு போட்டே ஆக வேண்டும் என்று அதே நூலில் எழுதினார். யாராக இருந்தாலும் தேசம், சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. தன் உயிர்க்கொள்கையையே அடுப்பங்கரை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்தார். நமக்குப் பிடித்தவர்களுக்குச் சோறு போடுவது சுலபம். நாம் தப்பு என்று நினைக்கிற வாழ்க்கை வாழ்கிறவருக்கும் கேள்வி கேட்காமல் போடுவதுதான் கஷ்டம்.

1870-இல் மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்று அவர் பேர் வைத்த இடத்துக்கு மாறினார். 1874 ஜனவரி 30-ஆம் தேதி ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வயது ஐம்பது. பிறகு அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோது உள்ளே யாரும் இல்லை என்று சொல்கிறார்கள். அதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. அடுப்பு மட்டும் நிற்கவில்லை.

ரெண்டே வருஷத்தில், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். நம்ம செங்கல்பட்டுப் பகுதியும் தப்பவில்லை. மாமல்லபுரம் போகும்போது பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்திருப்பீங்க. அதே கால்வாயின் சென்னைத் துண்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதி, இந்தப் பஞ்ச நிவாரண வேலையாக 1877, 78-இல் வெட்டப்பட்டது. அரசாங்கத்தின் முறை வேறு. நிஜமாகவே பசிக்கிறதா என்று சோதிக்க வேண்டும், அதற்கு உடம்பு நோக வேலை வாங்க வேண்டும். 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியின் யோசனைப்படி ஓர் ஆளின் கூலி ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைக்கப்பட்டது. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. சும்மா வாங்கித் தின்றுவிடுவார்கள் என்ற பயம்தான் அந்த முறைக்கு அடிப்படை.

ஒரு பக்கம் பசியை நிரூபிக்கச் சொன்ன ஏற்பாடு. இன்னொரு பக்கம் வந்து உட்கார்ந்தாலே போதும் என்ற அடுப்பு. ஒரே காலம், ஒரே மாகாணம்.

இது பழைய கதை என்று நினைக்காதீங்க. நம்ம ஹாஸ்டலிலும் மாசக் கடைசியில் பசிக்கலடா, நீ போ என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். கேட்க மானம் விடாத அந்தக் குடும்பஸ்தரின் வாரிசுகள்தான் அவர்கள். அவர்களிடம் காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கணும். சாப்பிட்டு முடித்து ஒரு டீ குடிக்கும்போது அவர்களாகவே பேசுவார்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பாடு கதைக்கான விலை இல்லை.

செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போகும்போது முடிந்தால் ஒரு நடை வடலூர் போய் வாங்க. நம்ம கருங்குழியைத் தாண்டி நேராகப் போய், விக்கிரவாண்டியில் கும்பகோணம் ரோட்டில் திரும்பினால் பண்ருட்டி, அதற்கடுத்து வடலூர். தருமச்சாலையில் வரிசையில் உட்காருங்க. உங்க பேரை யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரோ, எந்த ஊரோ தெரியாது. அவர் சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் பேச்சுக் கொடுத்துப் பாருங்க.