தன் நிய்யத்தையே விசாரணை செய்த ஆசான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரை அறியாதோர் நம்மில் குறைவு. ஆனால் பெரும்பாலும் அவர்களை ஒரு கிதாபின் பெயரோடு மட்டுமே அறிந்து வைத்திருக்கிறோம். நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் உளவியல் பாடத்தில் பிராய்ட் வந்தார், பியாஜே வந்தார். இமாமவர்கள் இஸ்லாம் பாடத்தில் மட்டும் வந்து போனார்கள். பிற்காலத்தில் அவர்களது வாழ்க்கையை வாசித்தபோதுதான் ஓர் உண்மை எனக்கு விளங்கியது. மனித உள்ளத்தை ஆராய்ந்த அவர்கள், அந்த ஆராய்ச்சியைத் தம் மீதே நடத்தியவர்கள்.

கி.பி. 1058இல் (ஹிஜ்ரி 450) இன்றைய ஈரானின் வடகிழக்கிலுள்ள தூஸ் பகுதியில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தை காலமானார். அவர் விட்டுச் சென்ற சிறு தொகை தீர்ந்ததும், உணவும் தங்குமிடமும் கிடைக்கும் என்பதற்காகவே அவர்களும் சகோதரர் அஹ்மதும் மத்ரஸாவில் சேர்ந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஜுர்ஜானில் கற்றுத் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் அவர்களது குறிப்பேடுகளைப் பறித்துக்கொண்ட சம்பவமும் பிரபலமானது. அவர்கள் கெஞ்சிக் கேட்டபோது, காகிதம் போனால் கூடவே போய்விடும் அறிவு என்ன அறிவு என்று கொள்ளைத் தலைவன் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதன் பின் மூன்று ஆண்டுகள் செலவிட்டு அத்தனையையும் மனனம் செய்தார்கள்.

நைஷாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் கற்றார்கள். ஸல்ஜூக் அமைச்சர் நிஸாமுல் முல்க், 1091இல் அவர்களை பக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியராக நியமித்தார். அப்போது வயது 33 அளவில். முன்னூறு மாணவர்கள் சூழ்ந்திருந்தனர்.

சத்தியத்தைத் தேடிய பாதையில் ஒரு கட்டத்தில் புலன்களையே அவர்கள் சந்தேகித்தார்கள். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு நாணயம் அளவில் தெரிகிறது. கணிதமோ அது பூமியை விடப் பெரியது என்கிறது. புலன்களின் பிழையை அறிவு காட்டிக் கொடுத்தது போல, அறிவின் பிழையைக் காட்டிக் கொடுக்க அதற்கு மேலும் ஒன்று இருக்கக்கூடாதா? இக்கேள்வி அவர்களை இரண்டு மாதங்கள் வாட்டியது. இறுதியில் அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஒளியே தம்மை மீட்டதாகப் பதிவு செய்தார்கள்.

அடுத்து வந்தது அதைவிடக் கடினமான சோதனை. கற்பிப்பது எதற்காக என்று தம்மையே கேட்டபோது, புகழும் அந்தஸ்துமே தம்மை இயக்குவதாகக் கண்டார்கள். 1095இல் ஆறு மாத காலம் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்கள். வகுப்பில் பேச நா எழவில்லை. உணவு இறங்கவில்லை. இது உள்ளத்தின் நோய், மருந்தால் தீராது என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். குடும்பத்திற்குத் தேவையானதை ஒதுக்கிவிட்டு மீதிச் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். ஹஜ்ஜுக்குச் செல்வதாகக் கூறி பக்தாதை விட்டு சிரியாவுக்குப் புறப்பட்டார்கள்.

டமஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ், மக்கா, மதீனா சென்றார்கள். 40 பகுதிகள் கொண்ட 'இஹ்யா உலூமுத்தீன்' உருவானது இந்தக் காலப்பகுதியில்தான். ஆசையைக் குதிரைக்கும் கோபத்தை வேட்டை நாய்க்கும் அதில் ஒப்பிட்டார்கள். அவற்றைக் கொல்லச் சொல்லவில்லை, பழக்கச் சொன்னார்கள். வியாபாரி தன் பங்காளியிடம் கணக்குக் கேட்பது போல, மனிதன் தன் நப்ஸிடம் தினமும் கணக்குக் கேட்க வேண்டும் என்றார்கள். இன்று மாணவர்களுக்குச் சுயமதிப்பீடு என்று நாம் சொல்லிக் கொடுப்பதன் ஆழமான வடிவம் அது.

1106இல் நைஷாபூரில் மீண்டும் கற்பிக்க வந்தார்கள். வெளியில் பார்த்தால் அதே தொழில், அதே ஆசனம். ஆனால் தாம் பழைய இடத்திற்குத் திரும்பவில்லை என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். முன்பு கற்பித்தது அந்தஸ்தைத் தேடித் தரும் அறிவை. இப்போது கற்பிப்பது அந்தஸ்தைத் துறக்கச் செய்யும் அறிவை. பின்னர் தூஸ் திரும்பி, 1111இல் வபாத்தானார்கள்.

ஆசிரியர்களாகிய எமக்கு இவ்வாழ்க்கை ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் சந்தியில் பதாகை கட்டுகிறோம். பிள்ளையின் படத்தோடு எமது படமும் அதில் இருக்கிறது. பிள்ளை வென்றதற்காக மகிழ்வது நல்லதே. ஆனால் அந்தப் படம் இல்லாமல் போனாலும் அடுத்த நாள் அதே உற்சாகத்தோடு வகுப்புக்குள் நுழைவோமா? இதற்காக யாரும் தொழிலை விட வேண்டியதில்லை. நிய்யத்தைச் சீர்செய்துகொண்டு அதே வகுப்பறைக்குத் திரும்ப முடியும் என்பதற்கு இமாமவர்களின் நைஷாபூர் காலமே சாட்சி.