நா. கோவிந்தசாமி: தமிழை இணையத்தில் ஏற்றிய ஆசிரியர்

காப்பாரில் ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி எனப் படித்து வந்தவன் நான். பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் சேர்ந்தபோது தமிழ் வேறு, கணினி வேறு என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவை பதினொரு கேள்விக்குறிகள்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக உறுப்பினர் பதிவுச் செயலி ஒன்றை உருவாக்கினேன். பெரிய நிறுவனங்களின் இணையச் செயலிகள் இன்று கூறு கூறாகவே கட்டப்படுகின்றன. பெயர் எழுதும் கட்டம் ஒரு கூறு, நாள்காட்டி ஒரு கூறு, அட்டவணை ஒரு கூறு. ஒருமுறை செய்த கூறைப் பல பக்கங்களில் பொருத்திக்கொள்ளலாம். நானும் முன்பக்கத்துக்கு ஆங்குலர், பின்னால் ஸ்பிரிங், அடியில் தரவுத்தளம் என அடுக்கினேன். சோதித்துப் பார்க்க என் தாத்தாவின் பெயரைத் தமிழில் தட்டினேன்: கோவிந்தசாமி. சேமித்துவிட்டு மீண்டும் திறந்தால் பதினொரு கேள்விக்குறிகள்!

பெயரில் இருப்பவை ஆறே எழுத்துகள். ஆனால், யூனிகோடு முறையில் ‘கோ’ என்பது ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ‘த’ மட்டுமே ஒன்று. மற்ற ஐந்தும் இவ்விரண்டு. ஆக மொத்தம் பதினொன்று. தரவுத்தளத்துக்குச் செல்லும் இணைப்பு லத்தீன் எழுத்துகளுக்கான பழைய குறியாக்கத்தில் இருந்ததால் ஒவ்வொரு குறியீடும் கேள்விக்குறியானது. இதற்கு விளக்கம் தேடியபோதுதான் அதே பெயர் கொண்ட இன்னொருவரை அறிந்தேன்.

நா. கோவிந்தசாமி 1946-ஆம் ஆண்டு பிறந்த சிங்கப்பூர் எழுத்தாளர். ஆசிரியராகப் பணியாற்றியவர், பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக இருந்தார். சிறுகதைகளால் பெயர் பெற்ற அவர், 1994-இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றார். இலக்கியவாதியாகவே வாழ்ந்திருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆயினும் அவர் கணினியின் பக்கம் திரும்பினார்.

அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியாக்கம் வைத்திருந்தது. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் படிக்க முடியாது. நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு உட்படப் பல முயற்சிகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளையும் விசைப்பலகையையும் உருவாக்கினார். அப்பெயர் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரை நமக்கு நினைவூட்டுகிறது அல்லவா?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோருடன் அவர் இணைந்து உழைத்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளம் ஒன்றை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் சமமாக இடம்பெற்றது. இணையத்தில் தமிழ் எழுத்து அரிதாக இருந்த காலத்தில் இது சாதனை என்றால் மிகையாகாது.

1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. பல நாட்டு ஆர்வலர்கள் ஒரே மேசையில் அமர்ந்து பொதுக் குறியாக்கம் பற்றிப் பேச அது வழிவகுத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய அடுத்த மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. அதே ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி காலமானார். வயது 53 மட்டுமே. மறு ஆண்டு உருவான உத்தமம் அமைப்பைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் வாழ்க்கையைப் படித்த பிறகு என் செயலிக்குத் திரும்பினேன். இணைப்பையும் அட்டவணையையும் யூனிகோடுக்கு மாற்றினேன். பெயர்க் கட்டத்தின் நீள வரம்பைத் தமிழ் எழுத்துகளின் கணக்குப்படி திருத்தினேன். அந்த ஒரு கூறைத் திருத்தியதும் அதைப் பயன்படுத்திய எல்லாப் பக்கங்களும் தாமாகவே சீராயின. தாத்தாவின் பெயர் முழுதாகத் திரையில் தெரிந்தது.

கூறுகளை யாரோ செய்து தருகிறார்கள், நாம் பொருத்துகிறோம். தமிழ் அதில் நிற்குமா என்று சோதிக்க வேண்டியவர் யார்? பொறியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தத் தமிழாசிரியர் அன்று ஒதுங்கியிருக்கவில்லை. பொறியாளர்களாகப் போகும் நாம் ஒதுங்கலாமா? நண்பர்களே, நீங்கள் அடுத்து உருவாக்கும் செயலியில் முதல் சோதனையாக உங்கள் பெயரைத் தமிழில் தட்டிப் பாருங்கள்.