ஈஸ்ட்டை ஆராய்ந்த பாஸ்டர்

லூயி பாஸ்டர் என்றதும் நாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். குன்னூரில் 1907-ல் தொடங்கிய மருந்து நிறுவனமும் அவர் பெயரையே தாங்கியது. ஆனால் பெங்களூரில் 1885-ல் பீர் ஆலை ஏற்படும் முன்பே, பீர் கெடுவது ஏன் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான்.

1822-ல் பிரான்சில், தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தார். ஈஸ்ட் உயிருள்ளது, சர்க்கரையைத் தின்று அதுவே சாராயச் சத்தை உண்டாக்குகிறது என்று நிலைநாட்டினார். 1868-ல் பக்கவாதம் இடப்பக்கத்தை முடக்கியது. ஓய்வெடுக்கவில்லை. ஜெர்மனியிடம் பிரான்சு தோற்றதும், பீரிலாவது அவர்களை வெல்ல வேண்டுமென்று கிளம்பினார். இத்தனைக்கும் அவருக்கு பீரில் ருசி இல்லை!

1871-ல் லண்டன் விட்பிரட் ஆலைக்குப் போனார். புளிக்கும்போது மேலே திரளும் ஈஸ்ட்டை வழித்தெடுத்து அடுத்த தொட்டிக்கு இடுவது அங்கே வழக்கம். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. உறை கெட்டால் தயிர் என்னாகும்? அந்த ஈஸ்ட்டில் துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வேண்டாத கிருமிகள் நெளிந்தன. பீர் கெடுகிறதா என்று கேட்டார். முதலில் மழுப்பிய நிர்வாகிகள், பிறகு கெட்டுப்போன பீப்பாய்களைக் காட்டினார்கள். ஒரே வாரத்தில் ஆலைக்கு மைக்ராஸ்கோப் வந்துவிட்டது.

சீசா பீரை இளஞ்சூட்டில் வைத்தால் கெடாது என்றும் கண்டார். ஆனால் சூட்டில் ஈஸ்ட்டும் செத்துவிடும். சீசாவுக்குள் தானாக நுரை ஊறாது. அதனால் சுத்தமான ஈஸ்ட்டையே அவர் பெரிதாக வலியுறுத்தினார். 1876-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 1895-ல் காலமானார்.

இன்று பெங்களூர் விடுதிகள் பலவற்றில் அங்கேயே பீர் காய்ச்சுகிறார்கள். ஒரு தொட்டி ஈஸ்ட்டை அடுத்த தொட்டிக்கு விடுமுன், கைதேர்ந்தவர்கள் பார்ப்பது மைக்ராஸ்கோப்பில்தான்.