நாடற்றவர் பட்டத்தைத் துடைத்த தொண்டமான்

பாண்டுப் குன்றுச் சரிவில் குடிசை போட்டு, ரேஷன் கார்டுக்காக ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கிய தமிழருக்கு ஒரு துண்டுக் காகிதத்தின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியொரு காகிதம் கையில் இல்லாததால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் லட்சக்கணக்கான தமிழர் நாற்பது ஆண்டுகள் நாடற்றவர்களாகத் தவித்தனர். அவர்களுக்காக அந்த நாற்பது ஆண்டும் வாதாடியவர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

பிறப்பும் வளர்ப்பும்

1913 ஆகஸ்ட் 30-ல் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், திருப்பத்தூரை அடுத்த முனப்புதூரில் தொண்டமான் பிறந்தார். தந்தை கருப்பையா வறுமையால் இலங்கைக்குப் போனவர். தோட்டத்தில் கூலியாகச் சேர்ந்து, கங்காணியாகி, பிறகு இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். மகன் 1924-ல் இலங்கை சேர்ந்து, கம்பளையில் படித்தார்.

1939-ல் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளையான தொண்டமான் அதில் சேர்ந்து, தொழிலாளர் தலைவரானார். 1947 தேர்தலில் நுவரெலியா தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றார்.

பறிபோன உரிமை

இலங்கை 1948 பிப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்தவர், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த தொழிலாளி அந்தச் சான்றுக்கு எங்கே போவான்? 1949-ல் வாக்குரிமையும் போயிற்று.

பம்பாய்க்கு ரயிலேறிய தமிழன் இந்தியக் குடிமகனாகவே வந்து இறங்கினான். இலங்கைக்குக் கப்பலேறியவன் பேரனோ, அங்கேயும் பிரஜை இல்லை, இங்கேயும் பிரஜை இல்லை என்று ஆனான்.

நீண்டகாலம் வசித்தவர் பதிவு செய்துகொள்ள 1949-ல் தனிச் சட்டம் வந்தது. காங்கிரஸ் முதலில் அதைப் பகிஷ்கரித்தது. கடைசி நேரத்தில்தான் மனுப் போடச் சொன்னது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமை கேட்டனர். பல ஆண்டு விசாரணைக்குப் பின் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே கிடைத்தது. 1952-ல் தொண்டமான் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தியும் அரசு இறங்கி வரவில்லை.

கேட்காமல் போட்ட கணக்கு

1964 அக்டோபர் 30-ல் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தனர். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பிறகு என்றனர். அந்த மீதியை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர்.

சம்பந்தப்பட்ட மக்களையோ அவர்களின் தலைவர்களையோ கலக்கவில்லை என்பதே தொண்டமானின் பெருங்குறை. யார் எங்கே வாழ்வது என்பதை வாழ்கிறவனைக் கேட்காமல் இரண்டு அரசுகள் தீர்மானிக்கக் கூடாது; உழைத்து வாழ்ந்த மண்ணிலேயே இருக்க விரும்புகிறவனுக்கு அங்கேயே உரிமை வேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்குள் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியவர்கள் மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் மற்ற ஊர்களுக்கும் பரவினர்.

பொங்கல் பிரார்த்தனை

1977 தேர்தலில் வென்ற தொண்டமான் 1978-ல் அமைச்சரானார். 1976-ல் எழுந்த தனிநாட்டுக் கோரிக்கையில் அவர் சேரவில்லை. மலைநாட்டுத் தமிழர் சிங்களவர் நடுவே வாழ்கிறவர்கள், அவர்கள் பிரச்சினை வேறு என்பது அவர் கணக்கு. 1983 கலவரத்துக்குப் பிறகும் பதவியில் நீடித்தார் என்ற கண்டனமும் அவர்மேல் உண்டு.

அந்தப் பதவியிலிருந்துகொண்டே 1986 பொங்கலன்று பிரார்த்தனைப் போராட்டத்தைத் தொடங்கினார். காலையில் கொழுந்து பறிக்காமல் பிரார்த்தனை செய்வதே போராட்டம். தேயிலை அன்று இலங்கைக்கு அன்னியச் செலாவணி தந்த முக்கியச் சரக்கு. அரசு பேச்சுக்கு வந்தது. இந்தியப் பிரஜா உரிமைக்கு மனுச் செய்யாத 94 ஆயிரம் பேருக்கும் இலங்கைப் பிரஜா உரிமை தர அவ்வாண்டே சட்டம் வந்தது. 1988 சட்டம் இன்னும் பலருக்கு வழி திறந்தது. உரிமை பெற்றவர்கள் வாக்காளர்களாயினர். அந்த வாக்குகளை எண்ணாமல் கொழும்பில் ஆட்சி அமைப்பது கடினம் என்ற நிலை வந்தது.

1999 அக்டோபர் 30-ல் தொண்டமான் காலமானார். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு 35 ஆண்டுகள். எஞ்சியிருந்தவர்களுக்காக 2003-ல் இலங்கைப் பாராளுமன்றம் இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் பிள்ளைகளும் இலங்கைப் பிரஜைகளாகலாம் என்றது அது. மக்களைப் பங்கு போட்ட அதே தேதி, அவர்களுக்கு உரிமை தரும் தேதியாகச் சட்டப் புத்தகத்தில் ஏறியது.